எஜமான் இறந்தால் அடிமைகள் யாருக்கு? அமெரிக்கத் தென்மாநில உயில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1865 வரை மனிதர்கள் சொத்தாக இருந்தார்கள். சொத்து என்று ஆகிவிட்டால் அதற்கு உயில் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, பங்காளிச் சண்டை உண்டு, வாசலில் வந்து நிற்கும் கடன்காரனும் உண்டு. "நல்ல எஜமான்கள் சாகும்போது விடுதலை எழுதிவைத்துவிட்டுப் போனார்களாமே" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது, அதைச் சுற்றி இன்னும் பத்துக் கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் அதிகமும் வர்ஜீனியாவிலிருந்து, ஏனென்றால் அங்கே காகிதங்கள் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

கேள்வி: எஜமான் கண்ணை மூடியதும் முதலில் என்ன நடக்கும்?

கோர்ட் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சிலரை நியமிக்கும். அவர்கள் தோட்டத்துக்கு வந்து கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விலை போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். மாடு, ஏர், கட்டில், கரண்டி, மனிதர்கள், எல்லாம் ஒரே பட்டியலில். பெயர், சில சமயம் வயது, பக்கத்தில் டாலர். முதுமையிலோ நோயிலோ இருப்பவர் பெயருக்கு நேரே சிலவற்றில் பூஜ்யம் இருக்கும். அப்புறம் வாரிசுகளின் எண்ணிக்கைப்படி, விலை சமமாக வரும்படி கூறு போடுவார்கள். குடும்பம் சமமாக வருகிறதா என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது.

பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவரான பிரெடரிக் டக்ளஸ் சிறுவனாக இதை நேரில் பார்த்தவர். மேரிலாந்தில் அவருடைய எஜமான் ஆரன் ஆன்டனி 1826 நவம்பரில் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். அடுத்த வருடம் கூறு போடுவதற்காகப் பால்டிமோரிலிருந்து டக்ளஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆணும் பெண்ணும், குதிரைகளும் பன்றிகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரி சோதிக்கப்பட்டதை அவர் பின்னால் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் இருந்த பயம் ஒன்றுதான், குடிகாரனும் கொடுமைக்காரனுமான மகன் ஆண்ட்ரூவின் கூறில் போய் விழக்கூடாது. சில நாட்களுக்கு முன்புதான் அவன் டக்ளஸின் தம்பியைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் தள்ளி, மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும்வரை பூட்ஸ் காலால் தலையை மிதித்திருந்தான். முடித்துவிட்டு டக்ளஸ் பக்கம் திரும்பி, உனக்கும் ஒருநாள் இதுதான் என்றானாம். டக்ளஸ் மகள் லுக்ரீஷியாவின் கூறில் விழுந்தார். அவர் மறுபடி பால்டிமோர் போனார், எழுதப் படிக்க முழுதாகக் கற்றார், தப்பினார். அந்தக் கூறு வேறு மாதிரி விழுந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: உயில் எழுதாமல் செத்துப்போனால் மனைவிக்கு என்ன கிடைக்கும்?

வர்ஜீனியாவில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆனால் ஆயுள்காலத்துக்கு மட்டும். உழைப்பை அனுபவிக்கலாம், விற்க முடியாது, விடுதலை செய்யவும் முடியாது, அவர் இறந்ததும் முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். பெரிய பணக்காரரான டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் உயில் இல்லாமல் இறந்தபோது அவர் மனைவி மார்த்தாவுக்கு இப்படித்தான் ஒரு பங்கு வந்தது. அந்த மார்த்தா 1759-ல் மறுமணம் செய்துகொண்டவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். இந்த ஒரு உயில் எழுதப்படாததால் வந்த சிக்கல் 45 வருடம் கழித்து வெடித்தது. அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி: வாஷிங்டன் தன் அடிமைகள் எல்லோரையும் விடுவித்தார் என்று படித்தேன். உண்மையா?

"எல்லோரையும்" என்பது தப்பு. 1799-ல் அவருடைய மவுண்ட் வெர்னான் தோட்டத்தில் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் 123 பேர்தான் வாஷிங்டனுடையவர்கள். 153 பேர் கஸ்டிஸ் சொத்து, மார்த்தாவுக்கு ஆயுள் பாத்தியதை மட்டும். மிச்சம் பேர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். 1799 ஜூலையில் எழுதிய உயிலில் தன் 123 பேருக்கும், மார்த்தா இறந்த பிறகு விடுதலை என்றார். பல வருடம் கூடவே இருந்த வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனே விடுதலை, வருடத்துக்கு 30 டாலரும். வயதானவர்களுக்குச் சாகும்வரை சோறும் துணியும் எஸ்டேட், அதாவது அவர் விட்டுப்போகும் சொத்து, தர வேண்டும் என்று கறாராக எழுதியிருந்தார், அதை 1833 வரை கொடுத்தும் வந்தார்கள். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை, அன்றைய பெரிய தலைவர்களில் இந்த அளவுக்குக்கூடச் செய்தவர்கள் குறைவு.

ஆனால் நாற்பது வருடத்தில் இரண்டு கூட்டமும் கல்யாணம் செய்து கலந்துவிட்டிருந்தது. தாய் யாருடைய சொத்தோ பிள்ளையும் அவருடைய சொத்து என்பது 1662-லிருந்து வர்ஜீனியாவின் சட்டம். ஆகவே அப்பா வாஷிங்டனுடையவர், அம்மா கஸ்டிஸ் சொத்து என்றால் அப்பா மட்டும் சுதந்திரமாக வெளியே போவார், மனைவியும் பிள்ளைகளும் உள்ளேயே இருப்பார்கள். அது நடந்தது. வாஷிங்டனும் இது தெரிந்தேதான் விடுதலையை மனைவியின் மரணம்வரை தள்ளிப்போட்டார்.

அந்த ஏற்பாட்டிலும் ஒரு கோளாறு. ஒரு கிழவி செத்தால் 120 பேருக்கு விடுதலை என்று ஊருக்கே தெரியும்படி எழுதிவைத்தால் அந்தக் கிழவிக்குத் தூக்கம் வருமா? 1800 டிசம்பரில் அங்கே போயிருந்த, அப்போதைய ஜனாதிபதியின் மனைவி அபிகேல் ஆடம்ஸ், மார்த்தா தன் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று உணர்ந்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அதே மாதம் மார்த்தா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, 1801 ஜனவரி 1 முதல் அவர்கள் சுதந்திரம் பெற்றார்கள். மனம் இளகியதால் செய்தார் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1802-ல் மார்த்தா இறந்தபோது கஸ்டிஸ் அடிமைகள் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போடப்பட்டார்கள். மார்த்தாவுக்கு முழு உரிமையோடு இருந்தவர் எலிஷா என்ற ஒரே ஒருவர். அந்த ஒருவரையும் அவர் விடுவிக்கவில்லை, பேரனுக்கு எழுதிவைத்தார்.

கேள்வி: இன்னும் பிறக்காத குழந்தைகளையும் உயிலில் எழுதினார்களாமே?

ஆமாம், சர்வ சாதாரணமாக. "இன்ன பெண்ணும் அவளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும்" என்பது வழக்கமான வாசகம். அதிலும் மோசம், தாயை ஒரு பிள்ளைக்கும் அவள் வயிற்றில் இனிமேல் பிறக்கப்போவதை இன்னொரு பிள்ளைக்கும் கொடுப்பது. இது செல்லுமா என்று கென்டக்கியில் வழக்கு வந்தது, 1823-ல் கோர்ட் செல்லும் என்றது. ஒரு பொருளின் முழுச் சொந்தக்காரனுக்கு அதன் பெருக்கமும் சொந்தம் என்பதுதான் காரணம். தாயை வைத்திருக்கும் அண்ணன் வீட்டில் குழந்தை பிறந்தால் தங்கை வந்து வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

சட்டம் அடிமைகளை எந்த வகைச் சொத்தில் சேர்த்தது என்பது இடத்துக்கு இடம் மாறியது. வர்ஜீனியா 1705-ல் நிலம் மாதிரி அசையாச் சொத்து என்றது, பின்னால் அசையும் சொத்தாக மாற்றியது. லூசியானாவில் அசையாச் சொத்துதான். நிலத்தோடு சேர்ந்து ஒரே வாரிசுக்குப் போவார்களா, எல்லோருக்கும் பிரிக்கப்படுவார்களா, மருமகன் விற்க முடியுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு அடிமைகளைக் கொடுத்தார்களா? பெண்களுக்குச் சொத்துரிமையே இல்லை என்றுதானே நினைத்தோம்?

கொடுத்தார்கள், தாராளமாக. மகனுக்கு நிலம், மகளுக்கு அடிமைகள் என்பது பல குடும்பங்களில் வழக்கம், ஏனென்றால் கல்யாணமாகி இன்னொரு ஊருக்குப் போகும் பெண்ணோடு நிலம் நடந்து போகாது. பழைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும். அதனால் விவரமான அப்பாக்கள் "அவளுடைய தனி உபயோகத்துக்கு மட்டும்" என்று எழுதி, நம்பகமான ஒருவரை நடுவில் டிரஸ்டியாக வைத்தார்கள். மருமகன் சூதாடிக் கடன் வைத்தால் ஜப்தி வராமல் இருக்க. மிசிசிப்பி 1839-ல் மணமான பெண்களுக்குச் சொத்துரிமை கொடுத்துச் சட்டம் போட்டதைப் பெண்ணுரிமையின் முதல் வெற்றிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி அடிமைகளைப் பற்றியது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இதன் மறுபக்கம் ஹாரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவின் ஈடன்டனில் அவருடைய எஜமானி மார்கரெட் ஹார்னிப்ளோ 1825-ல் இறந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், தன்னை விடுவித்திருப்பார் என்று சிறுமி நம்பியிருந்தாள். இறந்த நாள் தேதியிட்ட ஒரு துணை உயிலில், ஹாரியட்டை டாக்டர் ஜேம்ஸ் நார்கமின் மகளான சின்னப் பெண்ணுக்குக் கொடுப்பதாக இருந்தது. அடுத்த வரியில், தன் மேஜை அலமாரியும் தையல் மேஜையும் அவற்றில் உள்ளவையும் அதே பெண்ணுக்கு. அந்தத் துணை உயிலில் எஜமானியின் கையெழுத்தே இல்லை, ஆனாலும் செல்லுபடியானது. வாரிசுக்கு வயது மூன்று என்பதால் நிஜ அதிகாரம் அப்பன் கையில் போனது, அந்த அப்பன்தான் பின்னால் ஹாரியட்டை வருடக்கணக்கில் பாலியல் தொல்லை செய்தவன். அவனிடமிருந்து தப்ப அவர் பாட்டி வீட்டுப் பரணில் ஏழு வருடம் ஒளிந்திருந்தார்.

இன்னொருவர் ஓனா ஜட்ஜ், மார்த்தா வாஷிங்டனின் கஸ்டிஸ் அடிமைகளில் ஒருவர். தன்னைப் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796-ல் பிலடெல்பியாவிலிருந்து கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார், பிடிபடவே இல்லை.

கேள்வி: விடுதலை என்று உயிலில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது. முதலில் கடன். எந்தச் சொத்தாக இருந்தாலும் கடன்காரனுக்குப் பிறகுதான் மற்றவர்கள், விடுதலையும் எஸ்டேட் தரும் ஒரு தானமாகத்தான் கருதப்பட்டது. நல்ல மனசு படைத்த எஜமான்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது, அவருக்குக் கடன் எவ்வளவு என்பதைத்தான்.

தாமஸ் ஜெபர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1826 ஜூலை 4-ல் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் விடுதலை பெற்றவர்கள் ஐந்தே ஐந்து ஆண்கள். 1827 ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ தோட்டத்தில் நடந்த ஏலத்துக்கு விளம்பரம் செய்யப்பட்டவர்கள் 130 பேர். அந்த ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோ பாசெட். அவருக்கு விடுதலை எஜமான் இறந்து ஒரு வருடம் கழித்து, அதாவது 1827 ஜூலையில். ஏலம் நடந்ததோ அதற்கு ஆறு மாதம் முன்னால். வெள்ளை மாளிகையில் சமையல் கற்ற அவர் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டார்கள், அவர் தடுக்க முடியாமல் இருந்தார். அப்புறம் உழைத்துச் சம்பாதித்தும் உறவினர் உதவியோடும் மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். 11 வயதில் ஏலம் போன மகன் பீட்டர் விடுதலையாக 1850 ஆனது.

இரண்டாவது இடம், உயிலை நிறைவேற்றுபவர். மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் 1857-ல் இறந்தார். நாலு பேத்திகளுக்கும் தலைக்கு 10,000 டாலர், கடன்கள் தீர வேண்டும், அதன்பின் அடிமைகளுக்கு விடுதலை, எப்படியும் தான் இறந்து ஐந்து வருடத்துக்குள் என்பது உயில். நிறைவேற்ற வேண்டியவர் மருமகன் ராபர்ட் ஈ. லீ, பின்னாளில் தென்மாநிலப் படைத்தளபதி. பேத்திகளின் பணத்தை அந்த அடிமைகளின் உழைப்பிலிருந்தே எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பலரை வெளியூருக்கு வாடகைக்கு அனுப்பினார், கெடுவை நீட்டிக்கச் சொல்லி கோர்ட்டுக்கும் போனார். கிழவர் செத்ததும் நமக்கு விடுதலை என்று நம்பியிருந்த வெஸ்லி நாரிஸ் 1859-ல் தங்கையோடு தப்பி ஓடி, மேரிலாந்தில் பிடிபட்டார். தனக்கு 50 கசையடி, தங்கைக்கு 20, முதுகை உப்புநீரால் கழுவினார்கள் என்று 1866-ல் அவர் வாக்குமூலம் கொடுத்தார். லீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது 1862 டிசம்பர் 29. ஐந்து வருடக் கெடு அப்போதே தாண்டியிருந்தது.

கேள்வி: வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனால்?

கண்டிப்பாகப் போவார்கள், கையில் வரவேண்டிய சொத்து எழுந்து நடந்து போகிறதே. வழக்கமான வாதம், கிழவருக்குப் புத்தி சரியில்லை. வர்ஜீனியா அரசியல்வாதியான ரோனோக்கின் ஜான் ராண்டால்ப் 1833-ல் இறந்தபோது ஒன்றுக்கு மேல் உயில்கள் இருந்தன. ஒன்றில் விடுதலை, கடைசியாக எழுதியதில் விற்றுவிடச் சொல்லியிருந்தது. கடைசி உயில் எழுதியபோது அவர் மனநிலை சரியில்லை என்று முடிவாகி, விடுதலை தந்த பழைய உயில் நின்றது. அதற்கு 13 வருடம் பிடித்தது, அதுவரை எல்லோரும் அடிமைகள்தான். 1846-ல் 383 பேர் ஒஹையோவுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்காகவே எஸ்டேட் பணத்தில் வாங்கிய நிலம் இருந்தது. அந்த ஊர் வெள்ளையர்கள் ஆயுதத்தோடு வந்து இறங்கவிடாமல் விரட்டினார்கள், நிலம் கைக்கு வரவே இல்லை. பிகுவா, டிராய் பக்கம் சிதறிப் போனார்கள்.

சட்டமும் நாளாக ஆகக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. வர்ஜீனியா 1782-ல் உயிலில் விடுவிக்கலாம் என்று திறந்துவிட்டது, 1806-ல் விடுதலையானவர் 12 மாதத்தில் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது. தென் கரோலினா 1841, மிசிசிப்பி 1842, ஜார்ஜியா 1859 என்று ஒவ்வொன்றாக உயில் மூலம் விடுவிப்பதையே தடுத்தன.

கேள்வி: எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் வாரிசு ஆக முடியுமா?

சட்டப்படி முடியாது, அவர்களே சொத்து. ஜெபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது, அவருக்கும் எலிசபெத் ஹெமிங்ஸுக்கும் பிறந்த பிள்ளைகள், மணமான மனைவிக்குப் பிறந்த மகளுக்குச் சொத்தாக வந்தார்கள். அதாவது அக்காவுக்குத் தங்கை சொத்து. அந்தத் தங்கைதான் சாலி ஹெமிங்ஸ். அவருடைய மகன்கள் மேடிசனும் எஸ்டனும் ஜெபர்சன் விடுவித்த ஐவரில் இருவர், சாலியின் பெயர் உயிலில் இல்லை. ஜெபர்சனின் மகள் பின்னால் சத்தமில்லாமல் போகவிட்டார்.

வெளிமாநிலத்துக்குக் கூட்டிப்போய் விடுவித்துவிட்டுச் சொத்து எழுதினாலும் உத்தரவாதம் இல்லை. மிசிசிப்பியின் எட்வர்ட் வெல்ஸ் தன் மகள் நான்சியை 1846-ல் ஒஹையோவில் விடுவித்து, உயிலில் ஒரு கடிகாரம், ஒரு கட்டில், 3,000 டாலர் என்று எழுதிவைத்தார். 1859-ல் மிசிசிப்பி உயர் நீதிமன்றம், ஒஹையோ சட்டம் இங்கே செல்லாது, அவள் இங்கே எதையும் வாங்கும் தகுதியில்லாதவள் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: உயிலில் வினோத நிபந்தனைகள் உண்டா?

பியர்ஸ் பட்லர் கதை போதும். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர், 1822-ல் இறந்தார். மகனைத் தள்ளிவைத்துவிட்டு, மகள் வயிற்றுப் பேரன்கள் தங்கள் அப்பாவின் 'மீஸ்' என்ற குடும்பப் பெயரைவிட்டு 'பட்லர்' என்று மாற்றிக்கொண்டால்தான் ஜார்ஜியாத் தோட்டங்கள் என்று நிபந்தனை வைத்தார். பேரன்கள் மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவன், இவனும் பியர்ஸ், சூதிலும் பங்குச்சந்தையிலும் கோட்டைவிட்டான். 1859 மார்ச்சில் சவானா பக்கம் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு நாள், அடைமழையில், அவன் பங்குக்கு வந்த 430 பேர்வரை விற்கப்பட்டார்கள். விற்றுமுடித்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு டாலர் கொடுத்தானாம், நாணயச்சாலையிலிருந்து புதிதாக வந்த 25 செண்ட் காசுகளாக.

கேள்வி: நம் பக்கம் இப்படி இருந்ததா?

இருந்தது, வேறு அமைப்பில். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) பேசும் அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை 1844-ல் ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்தும் சேர்க்காமலும் பண்ணையாட்களை விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். 1843-ஆம் வருட ஐந்தாவது சட்டம், ஒருவர் அடிமை என்ற காரணத்துக்காக அவருக்கு வாரிசு வழியிலோ உயில் வழியிலோ வந்த சொத்தைப் பறிக்கக்கூடாது என்றது. நான்சி வெல்ஸுக்கு மறுக்கப்பட்டது அதுதான், அதுவும் 16 வருடம் கழித்து. காகிதத்தில் இருந்தது நிலத்தில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கதை.

கேள்வி: 1865-க்குப் பிறகு அந்த உயில்கள் என்ன ஆயின?

மனிதர்களைப் பற்றிய வரிகள் செல்லாமல் போயின. அடிமை வாங்கிய கடன் மட்டும் செத்துப்போகவில்லை. 1861-ல் ஒரு அடிமைக்காக எழுதிக்கொடுத்த புரோநோட்டு செல்லும், பணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்று 1872-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

கேள்வி: இந்தப் பழைய உயில்களை இன்று யார் படிக்கிறார்கள்? படித்தால் எதைப் பார்க்க வேண்டும்?

அதிகம் படிப்பவர்கள் கறுப்பினக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் எஜமான் பெயர் இருக்கும், அடிமைக்கு வயது, பாலினம், நிறம் மட்டும்தான். எல்லோருக்கும் பெயர் வருவது 1870-ல். அதற்கு முன்னால் ஒரு பாட்டியின் பெயரைப் பிடிக்க வேண்டும் என்றால் உயிலும் சொத்துப் பட்டியலும்தான் வழி.

உயிலை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் சொத்துப் பட்டியல் இருக்கும், அதன்பின் விற்பனைக் கணக்கு இருக்கும், அது பெரும்பாலும் வேறு புத்தகத்தில் இருக்கும், தேதி ஒரு வருடம் இரண்டு வருடம் தள்ளிப்போயிருக்கும். உயிலில் விடுதலை என்று எழுதிய பெயர் அந்த விற்பனைக் கணக்கில் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வாங்கியவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கும், அடுத்துத் தேட வேண்டியது அந்த வீட்டுக் காகிதங்களை.